சுவரில் குறைந்த நாலு விரல்

அதனால்தான் சொல்கிறேன் பாப்பா, இதைப் படித்து முடித்ததும் கையில் கட்டியிருக்கிற அந்தக் காப்பை அவிழ்த்துவிடு. பிளேடால் அறுக்காதே. முடிச்சைப் பொறுமையாகப் பிரித்து, மஞ்சள் கிழங்கு கீழே விழாமல் சித்தப்பா கையில் கொடு. அவர் ஹாஸ்டல் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் ஒரு தூக்குச்சட்டி இருக்கும். அதைத் திறந்ததும் திடுக்கிடாதே. எட்டு முட்டை, வேகவைத்தது. ஊரே காப்புக் கட்டியிருக்கிறது, மீன்காரம்மா நம் தெருப் பக்கமே வருவதில்லை, இந்த நாளில் நான்தான் வேகவைத்தேன். யாராவது என்னைக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ சாப்பிடு.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நாலு நாளாகப் போனில்தான் சொல்லிப் பார்க்கிறேன். நான் பாதி ஆரம்பிப்பதற்குள் நீ "சரி சித்தி, பிராக்டிஸுக்கு நேரமாச்சி, வெச்சிடறேன்" என்று மீதியை முடித்துவிடுகிறாய். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த கையெழுத்து இது. கோணலாக இருந்தாலும் கடைசி வரைக்கும் படி. நான் எப்போதும் வளவளவென்று பேசுகிறவள் என்று நீயே உன் சிநேகிதிகளிடம் சொல்லுவாய். அத்தனை பேச்சிலும் இந்த இரண்டு வருஷமாக ஒன்றை மட்டும் நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதை இன்றைக்கு எழுதப்போகிறேன்.

போன வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். காப்புக் கட்டுகிற நாள் என்று வீடு, வாசல், தோட்டம் எல்லாவற்றையும் சாணம் போட்டு மெழுகி வைத்திருந்தேன். அம்மன் திருநீறு வாங்கிக்கொண்டு போ, ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போனால் போதும் என்று நான்தான் உன்னைச் சிதம்பரத்திலிருந்து வரவழைத்தேன். நீ சாயங்காலம் வந்தாய். பையை வைத்த கையோடு சாக்பீஸை எடுத்துக்கொண்டு தோட்டத்துச் சுவருக்குப் போய்விட்டாய். காபி ஆறுகிறது என்று நான் கூப்பிட்டேன். தொப் தொப்பென்று மூன்று தரம் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. வந்து பார்த்தால், சுவரைப் பார்த்தபடி நீ நின்றுகொண்டிருக்கிறாய்.

"நாலு விரல் கொறஞ்சிருக்கு சித்தி."

"இன்னாடி கொறஞ்சிருக்கு?"

"தீபாவளிக்கு நான் குதிச்சி போட்ட கோடு அதோ மேல இருக்கு. இன்னிக்கு போட்டது இங்க. நடுவுல நாலு விரல்."

முக்காலி போட்டு ஏறி, இரண்டு கோட்டுக்கும் நடுவில் உன் விரல்களைப் பொருத்திக் காட்டினாய். சரியாக நாலு. உன் முகத்தில் அப்போது வந்த நிறத்தை அதற்கு முன்னால் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன், இரண்டு வருஷத்துக்கு முன்னால். உடனே திரும்பி, "இன்னிக்கு எனக்கும் காப்புக் கட்டிடச் சொல்லுங்க" என்றாய்.

சித்தப்பா தடுத்தார். உனக்கே தெரியும், அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். "பாப்பா, வர்ற வெள்ளிக்கெழம தீமிதி. ஞாயித்துக்கெழம நீ மெட்ராஸ்ல செலக்‌ஷனுக்கு நிக்கணும். ரெண்டும் எப்புடி ஆவும்?" என்றார்.

"போன தடவயும் எறங்கினேன் இல்ல சித்தப்பா?"

"போன தடவ எறங்கினதாலதான..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் முந்திக்கொண்டு, "சாமி காரியத்துல குறுக்க பேசாதீங்க" என்று அவர் வாயை அடைத்தேன். அவர் சொல்ல வந்த அந்த மீதி வாக்கியம்தான் பாப்பா, இந்தக் கடிதம்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் நீ சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. "கடைசி வாரம் பாதி வேலைதான் போடணும்னு கோச் மேடம் சொல்லியிருக்காங்க. அதெல்லாம் இனிமே ஒத்துவராது. காலையில அவுங்களோட, சாயங்காலம் நான் தனியா. டபுளா போடப்போறேன். அப்பவும் வரலைன்னா, நீங்க பாத்து வெச்சிருக்கிற மாப்பிள்ளைக்குச் சரின்னுட்றேன்." வேண்டாத துணியை மூலையில் எறிகிற மாதிரிச் சொன்னாய். அந்தப் பையன் நல்ல பையன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தோற்றுப்போனவள் ஒதுங்குகிற இடமாக ஒரு வீட்டுக்கு உன்னை அனுப்ப எனக்கு மனம் வராது. வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த டிபார்ட்மென்ட் வாலிபால் அணியில் எடுத்தால் கவர்மென்ட் உத்தியோகம், இல்லையென்றால் இனி எப்போதுமே இல்லை. பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே முதலில் குதிக்கவைத்துத்தான் அளப்பார்கள் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். நேற்று போனில், மத்தியானம் மோர்சாதம் ஒரு வேளை, சாயங்காலம் பெட்டி மேல் ஏறிக் குதிப்பது நாற்பது தடவை என்றாய். உன் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது.

உன்னைப் பெற்றவள் என் அக்கா. உன்னை என் மடியில் விட்டுவிட்டு அவள் கண்ணை மூடியபோது உனக்கு ஐந்து வயது. எனக்குப் பிள்ளை இல்லை. ஆகவே உன்னை வளர்க்கிறேன் என்று நான் பெருமைப்பட்டதைவிடப் பயந்ததுதான் ஜாஸ்தி. காய்ச்சல் என்றால் பாடலீசுவரர் கோயில், பரீட்சை என்றால் திருவந்திபுரம், ஆடி மாதம் என்றால் நம் ஊர்த் திரௌபதி அம்மன். நீ கால் தடுக்கினால்கூட நான் யாருக்காவது எதையாவது வேண்டிக்கொள்வேன். ஒன்பதாவது படிக்கிறபோது வாலிபால் டீமில் சேர்ந்தாய். அந்த வருஷம்தான் தோட்டத்துச் சுவரில் செங்கல்லால் முதல் கோடு போட்டாய், நின்றபடி கையைத் தூக்கினால் எட்டுகிற இடத்தில். அது நின்ற கோடு. அப்புறம் குதித்து ஒரு கோடு. நீ வளர வளர நின்ற கோடும் ஏறியது, குதித்த கோடும் ஏறியது. பதினெட்டு வயதுக்கு மேல் நின்ற கோடு நின்றுவிட்டது, குதித்த கோடு மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். போன தீபாவளிக்குத் தோட்டமெல்லாம் மழைத்தண்ணீர் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். "சித்தப்பா, இங்க மீன் வளக்கலாமே" என்று கேலி செய்துகொண்டே, சுவரோரம் மட்டும் தண்ணீரை இறைத்துவிட்டுக் குதித்தாய். அன்றைக்குப் போட்ட கோடுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அதே சுவரில் நான் முறம் மாட்டுகிற ஆணி ஒன்று உண்டு. இந்த வருஷம் அது எனக்கு எட்டமாட்டேன் என்கிறது, குதிகாலைத் தூக்கித்தான் மாட்டுகிறேன். நீ ஏறுகிறாய், நான் இறங்குகிறேன், சரிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

இப்போது கோச் மேடம் விஷயத்துக்கு வருகிறேன். நீ சிதம்பரத்தில் சேர்ந்த முதல் வருஷம், நடராஜரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கிரவுண்டுக்கு வந்தேன். தோளில் இரும்புக் கம்பியை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்ததும் மறுபடி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கொண்டேன். பிள்ளை பெறவேண்டிய உடம்பாயிற்றே என்று. அதையாவது பொறுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் மேடம் உன்னை ஒரு பெட்டியிலிருந்து இறங்கி உடனே எகிறச் சொன்னார்கள். இறங்கினாய், எகிறினாய். மூன்றே தரம். உடனே உட்காரவைத்துவிட்டார்கள். நானும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன், ஒரு அம்மன் துதி முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன், நீ இன்னும் உட்கார்ந்தே இருக்கிறாய். மறுபடியும் மூன்று. மறுபடியும் உட்கார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க மேடம், மூணு குதி குதிச்சிட்டு மூணு நிமிஷம் குந்திக்கினு இருந்தா ஒடம்புல எப்புடி பலம் ஏறும்? எங்க ஊர்ல நடவுக்கு வர்றவ இப்புடி குந்துனா கூலி கெடைக்காது."

மேடம் சிரித்தார்கள். கோபப்படவில்லை. "அம்மா, இது பலத்துக்கு இல்ல. பலம் போன ஆறு மாசமா கம்பில ஏத்தியாச்சி. இப்ப அந்தப் பலம் கண்ணிமைக்கிற நேரத்துல மொத்தமா வெளிய வரணும். அதான் பவர். களைச்ச ஒடம்பு மெதுவா குதிக்கும். மெதுவா குதிச்சி குதிச்சி பழகினா, மெதுவா குதிக்கத்தான் கத்துக்கும். வேகம் கொறஞ்சா நான் அன்னிக்கு நிறுத்திடுவேன்" என்றார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததை ஒத்துக்கொள்ளாமல், "நல்லா சொகுசு பழக்கி விடுறீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ எனக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். அதோடு விட்டேனா? லீவுக்கு வருகிறபோதெல்லாம், அங்கே உட்காரவைத்தே கெடுக்கிறார்கள் என்று சொல்லி, உன்னைக் கரும்புக் கட்டுத் தூக்கவைத்தேன், கிணற்றில் இறைக்கவைத்தேன். நீ மறுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை போய் மேடத்திடம் திட்டு வாங்கியிருப்பாய். அதையும் என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உனக்குக் கணுக்கால் பிசகியது. வீங்கிக் கறுத்துப்போன அந்தக் காலைப் பார்த்த அன்றைக்கே அம்மன் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டேன். இந்தக் கால் சரியானால், இதே காலோடு அவள் நெருப்பில் இறங்குவாள் தாயே என்று. உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் சரியாயிற்று. தீமிதி வந்தது. அதே வாரத்தில் உன் செலக்‌ஷனும் வந்தது. சித்தப்பா அப்போதே சொன்னார், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், அம்மன் எங்கே போய்விடப்போகிறாள் என்று. நான் கேட்கவில்லை. ஒரு வேளை பச்சரிசிச் சோறு, மோர், ஒரு வாழைப்பழம், எட்டு நாள். முட்டை கூடாது, பருப்பும் வேண்டாம் என்றேன். பருப்பு கூடாது என்று கோயிலில் யாரும் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. கடுமையாக இருந்தால் அம்மன் கூடுதலாகக் கொடுப்பாள் என்று ஒரு பேராசை. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று சொன்னேன். "உங்க மேடத்துக்கிட்ட சொல்லாத. அவுங்களுக்கு நம்ம விரதமெல்லாம் புரியாது."

நீ சொல்லவில்லை. மேடம் உன்னை அளந்து பார்த்து, தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். "சாப்பிடறேன் மேடம்" என்று பொய் சொல்லியிருக்கிறாய். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. வெள்ளிக்கிழமை நெருப்பில் இறங்கினாய், தலைக்கு மேல் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓடிவந்தாய், கால் ஒரு கொப்புளம் இல்லை. நான் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் கால் எழும்பவில்லை. எடுத்த பெண்களில் கடைசிப் பெண்ணுக்கும் உனக்கும் இரண்டு விரல் வித்தியாசம் என்று வந்து சொன்னாய். அந்த இரண்டு விரலை நான்தான் தின்றேன் பாப்பா. உன் தட்டிலிருந்து எடுத்த பருப்பிலும் முட்டையிலும் இருந்தது அது.

இதுகூட இல்லை நான் சொல்ல வந்தது. இதற்கு மேல் செய்ததுதான் பெரிய தப்பு. கேட்டவர்களிடமெல்லாம், அந்த மேடம் பிள்ளையை உட்காரவைத்து உட்காரவைத்தே காலை மரத்துப்போகச் செய்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாண வீட்டில் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன். ஒரு தரம் நீ பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். நீ எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாய். அப்போதே எனக்கு உள்ளுக்குள் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்.

எப்போது முழுசாகப் புரிந்தது என்று கேட்டால், கரும்பு வெட்டில்தான் புரிந்தது. அந்த வருஷம் கார்த்திகையில் சித்தப்பா மாலை போட்டிருந்தார், ஒரு வேளைச் சோறு. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு அப்போதே வந்துவிட்டது. நான் சோகை உரித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். காலையில் வெட்டின கரும்பு அடியில் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கிறது, ஒரே வெட்டு. மத்தியானத்துக்கு மேல் வெட்டினது நார் நாராகப் பிய்ந்து கிடக்கிறது. ஆலை ஆள் வந்து பார்த்துவிட்டு, "இன்னா மாமா, கரும்ப வெட்டுனீங்களா கடிச்சீங்களா?" என்று கேட்டான். சித்தப்பா கத்தியை ஊன்றிக்கொண்டு, "கையில பலம் இருக்குதுப்பா, வீச்சு இல்ல. வயித்துல ஒண்ணும் இல்லாம வீச்சு எங்க வரும்? நாலு வெட்டு போட வேண்டியிருக்குது" என்றார். நான் சோகையைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷம் நானும் அந்தக் கத்தியைப் பிடித்திருக்கிறேன். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் கரும்பு அறுபடாது, சட்டென்று வீசினால்தான் விழும் என்பது என் கைக்குத் தெரியும். ஓய்ந்த கையால் வீச முடியாது என்பதும் தெரியும். மேடம் சொன்னது அதுதானே. அவர்கள் கிரவுண்டில் சொன்னபோது எனக்குக் கேட்கவில்லை, கரும்புக் கொல்லையில் கேட்டது.

அதற்கப்புறமாவது உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நீ என்னைச் சித்தி என்று கூப்பிடுகிற குரலில் ஏதாவது ஒன்று குறைந்துவிடுமோ என்று பயம். பெற்றவளாக இருந்தால் துணிந்து சொல்லியிருப்பாளோ என்னவோ. அந்தப் பயத்தால்தான் நீ இன்னும் அந்தத் தோல்விக்குக் காரணம் உன் உடம்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் போன வெள்ளிக்கிழமை நாலு விரல் குறைந்ததும் உடம்பைத் தண்டிக்கக் கிளம்பிவிட்டாய். உனக்குக் காப்புக் கட்ட மஞ்சள் எடுத்துக் கொடுத்ததும் இந்தக் கைதான். ஒரே தப்பை ஒருத்தி இரண்டு தரம் செய்வாளா? நான் செய்தேன். நீ கேட்டாய் என்பது ஒரு சாக்கு. உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் பயம் வந்தது, பயம் வந்ததும் எனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தேன்.

இன்று காலையில் எழுந்ததும் பூசாரியிடம் போனேன். கோயில் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காப்பை மாற்றிக் கட்ட வழி உண்டா என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கட்டுன காப்ப நடுவுல அவுக்கறது நல்லதில்ல தாயி."

"அவுக்கல சாமி. அவ கையிலேர்ந்து என் கைக்கு மாத்திக்கிறேன். விரதமும் என்னுது, வெள்ளிக்கெழம எறங்கறதும் நான்."

"உனக்கு மூட்டு வலின்னு சொல்லிக்கினு இருந்த."

"நெருப்புல நின்னு பேசிக்கினா இருக்கப்போறேன்? ஓடத்தான போறேன்."

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த விறகை அடுக்கில் வைத்துவிட்டு, "கொண்டா, கட்டி விடுறேன். ஊர்ல தண்டோரா போடாத. குத்தம் இன்னா வந்தாலும் உனக்குத்தான் வரும், தெரிஞ்சிக்க" என்றார். வரட்டும் என்றேன். அவரிடம் சொன்ன அதே வாயால் உனக்கும் சொல்கிறேன். இந்தக் காப்பை அவிழ்த்தால் அம்மன் கோபிப்பாளோ, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஆகிவிடுமோ என்று நீ பயப்படாதே. அந்தப் பயம் இனிமேல் என்னுடையது. வெள்ளிக்கிழமை நீ இங்கே வரவே கூடாது. எனக்கு ஐம்பத்தைந்து வயது, முழங்கால் சத்தம் போடுகிறது, பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நேர்ந்துகொண்ட வாய் என்னுடையது, இறங்கவேண்டிய காலும் என்னுடையதுதான்.

நீ செய்யவேண்டியது கொஞ்சம்தான். முட்டையைச் சாப்பிட்டுவிட்டு மேடத்திடம் போ. இந்தத் தரம் எதையும் மறைக்காதே. விரதம் இருந்ததைச் சொல், சாயங்காலம் தனியாகக் குதித்ததைச் சொல், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததையும் சொல். வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடு, அவர்களைப் பற்றி நான் ஊரெல்லாம் பேசினதையும் அவர்களே படிக்கட்டும். நான் கல்யாண வீட்டில் சொன்னதைக் கல்யாண வீட்டிலேயே மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் படு என்றால் படு, உட்கார் என்றால் உட்கார், மூன்று குதி என்றால் மூன்றே குதி. நான்காவதாக ஒன்று குதிக்கவேண்டும் என்று உன் கால் துடித்தால், அந்தத் துடிப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள். எடுக்கவில்லை என்றாலும் உன் தட்டு நிறைந்திருந்து எடுக்காமல் போகட்டும். அந்தத் தோல்வியை நான் பொறுத்துக்கொள்வேன். என்னால் வந்ததை இன்னொரு தரம் பொறுக்கமுடியாது. மாப்பிள்ளை பேச்சை ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம், நீ சிரித்த முகத்தோடு எடுத்தால் மட்டும் எடு.

அந்த நாலு விரலுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. போன வெள்ளிக்கிழமை நீ விரதமும் தொடங்கவில்லை, அந்த வாரமெல்லாம் நன்றாகச் சாப்பிட்டேன் என்றாய். அப்புறம் எப்படிக் குறைந்தது என்று நாலு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். கண்ணேறோ, ஹாஸ்டல் தண்ணீரோ, மனக்கலக்கமோ. உனக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா சட்டை மாட்டிவிட்டார். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டால் நேரமாகிவிடும் என்று வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடக்கிறார். நான் தோட்டத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டு அடுப்பில் முட்டை வைக்க மனம் வரவில்லை, பழைய அலுமினியச் சட்டியில் உன் சுவருக்குக் கீழேயே மூன்று செங்கல் வைத்து மூட்டினேன். முட்டையை எடுத்தாயிற்று. புகை பட்டு உன் தீபாவளிக் கோடு கறுத்துவிடப்போகிறதே என்று இப்போதுதான் செங்கல்லை நகர்த்தினேன். நல்ல செங்கல், ஒரு பக்கம் சிமெண்ட் ஒட்டியிருக்கிறது. நம் வீட்டில் செங்கல் ஏது என்று யோசித்தேன். யோசித்ததும் முறம் மாட்டுகிற ஆணியைப் பார்த்தேன்.

பாப்பா, தை மாதம், நீ அங்கே இருந்தபோது, மழைத்தண்ணீர் வெளியே ஓடவேண்டும் என்று கொத்தனார் வந்து சுவரோரம் இருந்த பழைய செங்கல் தரையைப் பெயர்த்து, நாலு விரல் இறக்கித்தான் புதுத் தரை போட்டார்.